மருந்தை நடுவில் விடாதீர்



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, மலரும் விளக்கும் வைத்து வணங்கி அமர்ந்திருக்கும் உங்களிடம், இப்பௌர்ணமி நாளில் மருந்தைக் குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். தம்மம் கேட்க வந்த இடத்தில் மாத்திரையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பகவன் புத்தரைப் பெரும் மருத்துவர் என்று நம் முன்னோர் போற்றினர். தென்னாட்டில் நமக்கு மீண்டும் தம்மத்தின் வழியைக் காட்டி, 1898 ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசரும் நோயாளரின் நாடி பார்த்து மருந்து கொடுத்த சித்த வைத்தியரே ஆவார். ஆகவே மருந்தும் தம்மமும் நம்மிடையே என்றும் அயலாக இருந்ததில்லை.

ததாகதர் உரைத்த நால்வகை உண்மைகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். துக்கம் உண்டு என்பது முதலாவது. வைத்தியன் நோயை அறிவது போன்றது அது. துக்கத்திற்குக் காரணம் உண்டு என்பது இரண்டாவது. அது நோயின் மூலத்தை அறிவதற்கு ஒப்பாகும். துக்கம் நீங்கும் என்பது மூன்றாவது. நோய் தீரும் என்ற உறுதி அது. நான்காவது, நீக்கும் மார்க்கம்; அதுவே மருந்து. முதல் மூன்றையும் ஒருவன் ஒரே நாளில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். நான்காவதை ஒரே நாளில் முடிக்க இயலாது. மார்க்கம் என்றால் வழி. வழி என்றால் நாள்தோறும் நடக்க வேண்டும். பாதி வழியில் உட்கார்ந்து விட்டவனை ஊர் வந்து சேர்ந்தவன் என்று எவரும் சொல்லார்.

விநய நூலில் ஜீவகனைப் பற்றிய வரலாறு ஒன்று உண்டு. இராஜகிருகத்துச் செட்டி ஒருவன் ஏழாண்டுகளாகத் தலைநோயால் துன்புற்றான். சில நாட்களில் இறந்து விடுவான் என்று மற்ற வைத்தியர்கள் கைவிட்டனர். பிம்பிசார மன்னன் ஜீவகனை அனுப்பினான். ஜீவகன் செட்டியை நோக்கி, ஒரு பக்கமாக ஏழு மாதமும், மறு பக்கமாக ஏழு மாதமும், மல்லாந்து ஏழு மாதமும் படுத்திருக்க முடியுமா என்று வினவினான். முடியும் என்றான் செட்டி. ஜீவகன் மண்டையின் தோலைக் கீறி நோயின் காரணத்தை அகற்றித் தைத்து மருந்திட்டான். ஏழு நாள் கழிந்தது. இனி ஒரு பக்கமாகப் படுத்திருக்க முடியாது என்று செட்டி முறையிட்டான். மறு பக்கமும் ஏழு நாள், மல்லாந்து ஏழு நாள் என இருபத்தொரு நாளில் சிகிச்சை முடிந்தது. அப்பொழுது ஜீவகன் உண்மையைச் சொன்னான். இருபத்தொரு நாளே போதும் என்பது தனக்கு முன்பே தெரியும் என்றும், ஏழு மாதம் என்று கூறியிராவிட்டால் செட்டி ஏழு நாள் கூடப் படுத்திருக்க மாட்டான் என்றும் விளக்கினான்.

நோயைக் கீறி எடுப்பது ஜீவகனுக்கு எளிதாயிற்று. நோயாளியைச் சிகிச்சையில் நிலைத்திருக்கச் செய்வதே அவனுக்கு அரிதாயிற்று. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் சென்றும் இந்நிலைமை மாறவில்லை என்பதற்கு நாம் வாழும் இப்பெங்களூர் நகரமே சான்று பகரும்.

காசநோய்க்கு 1940க்களின் நடுப்பகுதி வரை நேரான மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவற்றை நம்பி நோயாளரைச் சானடோரியங்களில் வைத்திருந்தனர். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952 இல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்தது, ஆனால் நம் நாட்டிலுள்ள நோயாளர் அனைவருக்கும் படுக்கை எங்கே? இக்கேள்விக்கு விடை காண 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் வைத்தனர். மற்றவரை அவரவர் ஏழை வீட்டிலேயே இருக்கச் செய்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்து. 1959 இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் திறந்து நோயாளர் வீடு திரும்பியதற்கு நம் தமிழ்நாட்டு ஏழை மக்களின் இந்தச் சோதனை ஒரு பெருங் காரணமாயிற்று.

அதே 1959 ஆம் ஆண்டில் பெங்களூர் பல்லாரி சாலையில், அவலான் என்னும் மாளிகையில், தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. இந்திய அரசு உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடும் யூனிசெஃபின் உதவியோடும் அமைத்த அதனை, 1960 செப்டம்பர் 16 அன்று ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். இந்நிறுவனத்தார் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று நோயாளரைத் தேடிக் கண்டனர். நோய் இன்னதென்று அறியாத பாமர மக்கள் வைத்தியம் தேடி வரமாட்டார்கள் என்ற எண்ணம் அக்காலத்தில் படித்தவர்களிடையே இருந்தது. 1963 இல் பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. நோயாளருள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏற்பட்ட மாறுதலை உணர்ந்தே இருந்தனர். பாதிப்பேர் வரையில் ஆஸ்பத்திரிப் படியேறியும் இருந்தனர். ஏழை நோயாளி வந்து நின்றான். அவன் கேட்டதை அறிந்து கொடுக்கும் ஏற்பாடுதான் அங்கே இல்லை. இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக, 1962 இல் தோன்றிய தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்டந்தோறும் பொது மருத்துவ நிலையங்களிலேயே மருந்து கிடைக்க வழி வகுத்தது.

இதில் மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். சானடோரியத்தில் தாதி ஒருத்தி வேளை தவறாமல் மாத்திரையைக் கையில் கொடுத்தாள். வீட்டில் அதைக் கொடுப்பவர் யார்? சேத்துப்பட்டு நிலையத்தார் நோயாளரின் வீடுகளுக்குச் சொல்லாமல் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். வீட்டில் மருந்தை இடையில் விடுவோர் உண்டு என்பது அவர்களுக்கு விரைவில் புலனாயிற்று. ஆகவே வாரம் இருமுறை நோயாளி நிலையத்திற்கே வந்து பிறர் பார்க்க மருந்து பெறும் முறையையும் சோதித்து, 1964 இல் அதன் நற்பயனை வெளியிட்டனர். அப்படியிருந்தும், 1992 இல் நாட்டின் திட்டத்தை ஆய்ந்து பார்த்தபோது, மருந்து தொடங்கியவர்களுள் பாதிக்கும் குறைவானவர்களே முடித்திருந்தனர். அதன் பின்னரே பார்வையின்கீழ் மருந்து கொடுக்கும் முறை 1993 இல் சோதனையாகவும், 1997 முதல் நாடளாவியும் நடைமுறைக்கு வந்தது. சானடோரியத்தின் சுவர்களை இடித்து விட்டோம்; அச்சுவர்களின் இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம் என்பதை மறந்து விட்டோம்.

அன்பர்களே! ஆறு மாதம் ஏன் என்று நோயாளி கேட்கிறான். நியாயமான கேள்வி. காசக் கிருமிகளுள் பெரும்பாலானவை விரைந்து பெருகுபவை. அவை மருந்துக்கு விரைவில் மடியும். ஆதலால் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறுகிறது. ஆனால் சிறு தொகையான கிருமிகள் உறங்குவன போல அடங்கிக் கிடக்கின்றன. உறங்கும் கிருமியை மருந்து எளிதில் தீண்டாது. அது விழிக்கும் போதெல்லாம் எதிரில் மருந்து நிற்க வேண்டும். இன்றைய முறையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் நாள்தோறும் தருகின்றனர். நடுவில் விட்டால் அடங்கியிருந்தவை மீண்டும் பெருகும். விட்டு விட்டு உண்டாலோ, மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் மட்டும் பிழைத்து வளரும். பிறகு அதே மருந்து பயன்படாது. கடுமையான வேறு மருந்துகளைத் தேட வேண்டும். அத்தகைய நோய்க்கு முன்பு பதினெட்டு மாதத்திற்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. பெடாக்குலின் முதலிய புதிய மருந்துகளால் இப்பொழுது பலருக்கு அக்காலம் குறைந்துள்ளது. எனினும் நோயை அந்நிலைக்கு வளர்த்து விடுவானேன்?

சம்யுத்த நிகாயத்தில் பகவான் ஓர் உவமை கூறுகிறார். தச்சன் நாள்தோறும் வாய்ச்சியைப் பிடித்து வேலை செய்கிறான். அதன் பிடியில் அவன் விரல்களின் தடம் படிகிறது. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவனால் சொல்ல முடியாது. ஆனால் தேய்ந்து விட்டது என்பதை ஒரு நாள் அறிகிறான். தியானப் பயிற்சியில் மாசுகள் தேய்வதும் அப்படியே என்பது பகவான் கருத்து. மருந்துக்கும் இது பொருந்தும். நூற்றிருபதாம் நாள் விழுங்கும் மாத்திரை எதையும் செய்ததாக நோயாளிக்குத் தோன்றாது. இருமல் முன்னரே நின்று விட்டது. ஆயினும் அன்றைய மாத்திரை அன்றைய தேய்மானத்தைச் செய்து கொண்டேயிருக்கிறது.

இனி, என் குற்றம் ஒன்றை உங்கள் முன் சொல்ல வேண்டும். நம் சபைக்கு வரும் ஓர் இளைஞர். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. அவர் சம்மதத்தோடுதான் இதைக் கூறுகிறேன். சென்ற ஆண்டு அவருக்கு இந்நோய் கண்டது. மருந்து தொடங்கினார். இரண்டாவது பௌர்ணமியன்று மலர் ஏந்தி வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. நான் மகிழ்ந்து, “தம்பி, நலமாகி விட்டீரே!” என்றேன். அந்த ஒரு சொல் என்ன செய்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். மாத்திரை வாங்கப் போகும் நாளில் அரைநாள் கூலி போகும். மருந்து வயிற்றைப் புரட்டியது. சிறுநீர் சிவந்ததைக் கண்டு அஞ்சியிருந்தார். பக்கத்துக் குடித்தனக்காரர் குழாயடியில் ஏதோ பேசினார்கள். இவ்வளவும் ஒரு புறம் இழுக்க, நலமாகி விட்டீர் என்று நானும் சொல்லி விட்டேன். அன்றோடு மருந்து நின்றது. நான்கு மாதங்களுக்குப் பின் வைசாக நாளில் அவர் தாயார் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளை இரத்தமாகத் துப்புகிறான்” என்று அழுதார்.

நல்வினையாக, அவருடைய கிருமி இன்னும் மருந்துக்கு அடங்குவதாகவே சோதனை காட்டியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். இன்று 41 ஆம் நாள். வீட்டிலிருந்த தங்கையைச் சோதித்து, நோய் இல்லையென்று கண்டு, வராமல் தடுக்கும் மருந்து கொடுத்து வருகின்றனர். இடையில் அவர் பத்துக்குப் பத்து அறையில் இருமிய மாதங்களை யார் திருப்பித் தருவார்? அவரைக் குறை கூற எனக்கு வாய் இல்லை. அந்நான்கு மாதங்களில் நான்கு பௌர்ணமிகள் வந்தன. மருந்து எத்தனையாவது மாதம் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

பகவான் வாழ்ந்த காலத்தில் ஒரு பிக்கு வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்தார். ஆனந்தரோடு விகாரையைச் சுற்றி வந்த பகவான் அவரைக் கண்டார். ஆனந்தர் நீர் கொணர, பகவானே ஊற்றினார், ஆனந்தர் கழுவினார், இருவரும் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பின்பு பிக்குகளைக் கூட்டி, ஏன் இவரைக் கவனிக்கவில்லை என்று வினவினார். இவரால் எங்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்றனர். தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கடிந்து, தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குப் பணிசெய்க என்ற கருத்தை அருளினார்.

அவ்விடத்திலேயே, பேணுதற்கு அரிய நோயாளியின் இயல்பு ஐந்து என்றார். ஒவ்வாததைச் செய்தல், ஒவ்வுவதிலும் அளவறியாமை, மருந்தை உண்ணாமை, தன் நோயின் நிலையை உள்ளவாறு சொல்லாமை, வலியைப் பொறாமை. மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனால் ரகசியமாக நிறுத்துகிறோமே, அது மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த குற்றம். மருந்துகளுள் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும்; அதில் தீங்கில்லை. ஆனால் கண் மங்கினாலோ, கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ, விடாது வாந்தி வந்தாலோ அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாற்றவும் நிறுத்தவும் அவர் அறிவார்.

பேணுவோனுக்கும் ஐந்து தகுதிகளைப் பகவான் வகுத்தார். மருந்து கொடுக்கும் திறம். ஒவ்வுவது ஒவ்வாதது அறிதல். கைம்மாறு கருதாத அன்பு. மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை எடுக்க அருவருக்காமை. வேளையறிந்து தம்ம மொழியால் நோயாளியின் மனத்தைத் தேற்றுதல். இவற்றுள் எச்சிலும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். காசநோயாளியின் கோழையைக் கண்டு முகம் சுளிப்பவர் இந்த நான்காம் தகுதியை இழந்தவர் ஆவார். தக்க மருந்தை ஒழுங்காக உண்டு வருபவரிடமிருந்து நோய் பரவுவது விரைவில் குறைந்து விடுகிறது. அஞ்ச வேண்டியது மருந்து உண்ணாத இருமலுக்கே.

முற்பிறப்பின் வினையால் வந்த நோய், மருந்தால் தீருமா என்று கேட்போர் நம்முள்ளும் இருக்கின்றனர். சீவகர் என்னும் பரிவிராஜகர் இதையொத்த கேள்வியைப் பகவானிடமே கேட்டார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் செய்யும் தாக்குதல் ஆகியவற்றாலும் வேதனை தோன்றும். வினையின் விளைவு எட்டாவதாகிய ஒரு காரணமே என்பது அவர் தந்த விடை. எல்லாவற்றையும் வினையின் தலையில் சுமத்துவது பௌத்தம் ஆகாது. நம் பாட்டன்மார் சாம்பியன் ரீப்ஸிலும் மாரிக்குப்பத்திலும் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தனர். அத்தூசி நுரையீரலில் படிந்தவரைக் காசம் எளிதில் பற்றியது. 2001 இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. தூசியைச் சுவாசித்தவர்களின் நெஞ்சு மூடப்படவில்லை. இதற்கு முற்பிறப்பைத் தேடுவானேன்? காரணம் கண்ணெதிரில் இருக்கிறது.

ஓதிய நீரைக் கொடுத்தால் போதாதா என்பாரும் உண்டு. பரித்தம் ஓதுவது மனத்துக்கு வலிமை தரும், ஓதுங்கள். ஆனால் ததாகதரே தமது உடல் நலம் குன்றியபோது ஜீவகனிடம் மருந்து பெற்றார் என்பதை மறவாதீர்கள். பாபாசாகேப் அம்பேத்கரும் நெடுங்காலம் நீரிழிவால் வருந்தி, இன்சுலினோடும் வைத்தியர் கண்காணிப்போடும் நாட்களைக் கடத்தியே, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீக்ஷை ஏற்றார். புத்தரையும் தம்மத்தையும் பற்றிய தம் பெருநூலையும் எழுதி முடித்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஆறு மாதம் என்ற எல்லையும் இல்லை. அவற்றுக்கு வாழ்நாள் முழுதும் மருந்து. அதை எண்ணி மனம் தளர வேண்டாம். பஞ்சசீலத்தை வாழ்நாள் முழுதும் ஏற்றிருக்கிறோமே, ஒரு மாத்திரை அதனினும் பாரமானதா?

ஆதலால் இச்சபையின் முன் நான் வேண்டுவன சில. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பவர் அரசு ஆஸ்பத்திரியில் கோழையைச் சோதிக்கக் கொடுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்போருக்கு நல்லுணவிற்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் அளித்து வருகிறது. பெயரைப் பதிவு செய்து அதைப் பெறுங்கள். காலையில் விளக்கேற்றும் இடத்திற்கு அருகில் மாத்திரையை வையுங்கள். சரணம் ஓதி முடித்ததும், உணவுக்கு முன், அதை உட்கொள்ளுங்கள். இரண்டு கடமையும் ஒன்றை ஒன்று நினைவூட்டும். நலமாக இருப்பவர்களோ, நோயாளியின் தெருவில் குடியிருக்கும் இருவர் மூவராகச் சேர்ந்து, முறைவைத்து அவர் வீட்டுக்குச் சென்று வாருங்கள். காவல்காரராகச் செல்ல வேண்டாம், துணைவராகச் செல்லுங்கள். மருந்து வாங்கும் நாளில் அவருக்குக் கூலி போகுமானால், உண்டியலில் நாம் இடும் காசு அதற்கும் ஆகட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் தெளிந்து வருபவரிடம் நலமாகி விட்டீர் என்று என்னைப் போல் சொல்லி விடாதீர்கள். இன்று எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்.

நம் இளைஞர் இன்று பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் ஏறக்குறைய ஐந்து பௌர்ணமிகள் உள்ளன. கடைசி மாத்திரையை உண்ணும் காலையில் அவர் இவ்விளக்கை ஏற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை அவரோடு நடப்பவர் யாவர்? கூட்டம் கலையுமுன் என்னிடம் பெயர் சொல்லுங்கள்.

நோயுற்றோர் நலம் பெறுக. பேணுவோர் தளர்வு அடையாதிருக்க. எவ்வுயிரும் துக்கம் நீங்கி வாழ்க.

சாது! சாது! சாது!